வளையலாம், உடையக் கூடாது

பிரேக் பிடிக்காட்டி ஹான்ட்பிரேக் இருக்கு. கியரைக் குறைக்கலாம், ஒன்றுமே சரிவராட்டி வேலிக்குள்ளயாவது விடலாம். இஞ்சின் நின்றால் இறங்கித் தள்ளலாம். ரயர் வெடித்தால்கூட இறுக்கிப் பிடித்து ஓரங்கட்டினவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்டியரிங்குக்கும் சில்லுக்கும் இடையில் இருக்கிற இரும்பில் ஏதாவது ஒன்று முறிந்தால் ஓட்டுறவரும் ஒரு பயணிதான். வேலிக்குள் விடுறதுக்கும் திருப்ப வேணுமே!

கையில் பிடிக்கிற வட்டத்தில் இருந்து ஒரு தண்டு கீழே போகும். அதின்ர நுனியில் பினியன் எண்ட சின்னப் பற்சில்லு. அது ராக் எண்ட பல் வெட்டின நீளக் கம்பியை இடம் வலமாகத் தள்ளும். ராக்கின் இரண்டு அந்தத்திலும் ரை ரொட், அதின்ர முடிவில் பந்துத் தலை வைச்ச ஒரு ஆணி. போல் ஜொயின்ற், ரை ரொட் என்ட் எண்டு கராச்சில் சொல்லுறது இதைத்தான். சில்லைத் திருப்புறது கடைசியில் அந்தச் சுண்டுவிரல் மொத்த ஆணிதான். அதுக்கு மாற்று ஏற்பாடு எண்டு ஒன்றும் இல்லை.

அதனால் இந்தப் பாகங்களுக்கு உருக்கு செய்கிறவர்களுக்கு ஒரு விசித்திரமான கட்டளை இருக்கு: பலமாக இருக்க வேணும், ஆனால் தாங்க முடியாத அடி விழும்போது இரண்டாக உடையாமல் வளைய வேணும். வளைந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், கோணலாக நிற்கும், ஓட்டுறவருக்கு விளங்கும், கராச்சுக்கு வருவார். உடைந்தால் எங்க போவார் எண்டு சொல்லத் தேவையில்லை.

நான் மொறட்டுவையில் மூலப்பொருள் பொறியியல் படித்தவள். வீட்டில் இது என்ன படிப்பு எண்டு கேட்பவர்களுக்கு அம்மா இன்னும் "இஞ்சினியரிங்" எண்டு மட்டும்தான் சொல்லுவா. சிவில் எண்டால் வீடு, எலெக்ட்ரிக்கல் எண்டால் கரண்ட். எனக்கு மட்டும் ஒரு வரி விளக்கம் கிடையாது. கடைசி வருசச் செயற்றிட்டத்துக்கு நான் ஸ்டியரிங் ஆணிகளை எடுத்ததுக்குக் காரணம் எந்தப் பாடப் புத்தகமும் இல்லை. பெரியப்பாவின் லேத் பட்டறை.

பெரியப்பா நாற்பது வருசமாகக் கடைச்சல் வேலை செய்கிறார். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், பற்றரி, சீமெந்து, இரும்பு ஒன்றும் ஒழுங்காக வராது. இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கார்களைப் பற்றி எங்கட வீடுகளில் எல்லாரும் கதைப்பினம். அந்தக் கார்கள் எரிபொருள் இருந்தால் மட்டும் ஓடாது, தேய்கிற பாகங்களும் வேணும் எண்டதை ஆரும் கதைக்கிறதில்லை. மொறிஸ் மைனர் 1948இல் வந்தபோதே ராக்கும் பினியனும் உள்ள கார். நல்ல ஸ்டியரிங். ஆனால் நல்ல ஸ்டியரிங்கும் எங்கட கிடங்கு விழுந்த றோட்டில் தேயத்தான் செய்யும். பந்து தேய்ந்து ஆட்டம் வந்தால் பெரியப்பாவிட்ட வருவார்கள். அவர் கைவிடப்பட்ட லொறிகளின் அக்சில் தண்டை வெட்டி, அதில் இருந்து ஆணி கடைஞ்சு கொடுப்பார்.

"ஏன் அக்சில்? கட்டடக் கம்பியில கடையலாமே?" எண்டு ஒருநாள் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கட்டடக் கம்பித் துண்டையும் அக்சில் துண்டையும் கிரைண்டரில் மாறி மாறி வைத்துக் காட்டினார். முதலாவதில் பொறி நீளமாக, அமைதியாகப் பறந்தது. இரண்டாவதில் பொறியின் நுனிகள் பூப்போல வெடித்துப் பிரிந்தன. காபன் கூடக் கூட அந்த வெடிப்பு கூடும். "பூக்கிற இரும்புதான் சூடு காட்டினா இறுகும், பிள்ளை. மற்றது இறுகாது." பல்கலைக்கழகத்தில் நிறமாலைக் கருவி செய்கிற வேலையில் முக்கால்வாசியை மனுசன் கண்ணாலேயே செய்யப் பழகியிருக்கிறார். மிச்சக் கால்வாசியில்தான் பிரச்சினை இருக்கு எண்டதை நான் பிறகுதான் படித்தேன்.

இன்னொரு விசயம். பட்டறையில் கேட்டீர்கள் எண்டால் "ஈஎன் எட்டு", "ஈஎன் பத்தொன்பது" எண்டுதான் உருக்கின் பெயர் சொல்லுவார்கள். இங்க மட்டுமில்லை, இந்தியாவிலும் அப்படித்தான். அந்த ஈஎன் 1941இல் பிரித்தானியா போருக்காக வைத்த அவசரகால இலக்கம். ஆலைகள் கண்டபடி பல வகை உருக்குகளை வடித்துக்கொண்டிருக்கப் போர்க்காலத்தில் கட்டுபடியாகாது எண்டு, இவ்வளவுதான் செய்யலாம் எண்டு ஒரு பட்டியல் போட்டார்கள். ஈஎன் எட்டில் காபன் 0.4 சதவீத அளவு. ஈஎன் பத்தொன்பதில் அதோடு ஒரு சதவீத அளவில் குரோமியமும் கொஞ்சம் மொலிப்டினமும். பிரித்தானியரே அந்தப் பெயரை எப்பவோ கைவிட்டுவிட்டார்கள். ஒரு யுத்தத்தின் அவசரப் பட்டியலை வைத்து இன்னொரு யுத்தத்துக்குள் இருந்த பட்டறையில் இரும்பு தெரிவு செய்திருக்கிறார்கள் எண்டு யோசிக்கவே ஒரு மாதிரி இருக்கும்.

2022. அந்த வருசத்தை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரைக்கும் போனது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் இருந்தே நின்றிருந்தது, பழைய வாகனத்தைத்தான் ஓட்டியாக வேணும், உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்டால் தலை சுத்தும். பெற்றோல் வரிசை படம் எல்லாம் முகநூலில் வந்தது. அதே நேரம் பெரியப்பாவின் பட்டறை வாசலில் வேறொரு சின்ன வரிசை நின்றது. தேய்ந்த ரை ரொட் என்ட், போல் ஜொயின்ற், இதைக் கடைஞ்சு தாங்கோ, அதை ஒட்டித் தாங்கோ.

அதில் ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வான்காரர். பழைய ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணை, முந்தி நீங்கள் செய்து குடுத்தனீங்கள்தானே, எங்கட அப்பாவின்ர காருக்கும் நீங்கள்தான்" எண்டார். பெரியப்பா முடியாது எண்டுவிட்டார். அவர் விடேல்லை. "ஒட்டியாவது தாங்கோ அண்ணை, தேஞ்ச இடத்தில ஒரு வெல்டிங், பிறகு உருட்டிக் கடையுங்கோ." பெரியப்பாவுக்குக் கோவம் வந்துவிட்டது. "அப்ப கார் ஓடினது இருபது மைலில. உள்ளுக்கு நாலு பேர். நீ எத்தினை பிள்ளையளை ஏத்துறாய்? எத்தினையில ஓடுறாய்?" வான்காரர் ஒன்றும் சொல்லாமல் போனார். கோவத்தில் போனாரா, வேறு பட்டறைக்குப் போனாரா எண்டு எங்களுக்கு அண்டைக்குத் தெரியாது. அன்றிரவு பெரியப்பா சாப்பிடேல்லை.

வெல்டிங்கைப் பற்றி அவர் பயந்தது சரி. 0.4 சதவீதக் காபன் உள்ள உருக்கில் சும்மா வெல்டிங் வைத்தால், உருகின இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்பு செஞ்சூடாகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பால் சட்டெண்டு குளிரும். அது வாளியில் தோய்த்தெடுத்த மாதிரிதான். அங்கே மாட்டன்சைற் எண்ட, கண்ணாடிபோல நொருங்குகிற அமைப்பு உண்டாகும். ஈரமான வெல்டிங் கூரில் இருந்து ஐதரசனும் சேர்ந்தால் வெடிப்பு அப்பவே தெரியாது, மணித்தியாலங்கள் கழித்துக்கூட வரும். வெளியில் பார்த்தால் புது ஆணி மாதிரி மினுங்கும்.

அந்தக் கிழமை பெரியப்பாவின் லாச்சியைக் கிளறி இரண்டு பழைய ஆணிகளை எடுத்துக்கொண்டு கம்பசுக்குப் போனேன். தடைக் காலத்தில் கடைஞ்சது, ஆரும் எடுக்க வராமல் கிடந்தது. அதோடு நல்ல கொம்பனி ஆணி ஒரு சோடியும், சந்தையில் பெயரில்லாத பெட்டியில் வருகிற மலிவு ஆணி ஒரு சோடியும் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஒன்றை நீளவாக்கில் அறுத்து, அரைத்து, கண்ணாடி மாதிரி மினுக்கி, மதுசாரத்தில் கலந்த நைத்திரிக் அமிலத்தில் சில வினாடிகள் தோய்த்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். மற்றதை வைஸில் இறுக்கி வளைத்துப் பார்க்க வைத்துக்கொண்டேன்.

கொம்பனி ஆணியில் முதலில் கண்ணில் பட்டது இழை. உருக்குக்கும் மரத்தைப்போல ஒரு இழையோட்டம் உண்டு, கம்பியாக உருட்டும்போது வருவது. அந்த ஆணியை அடித்துப் பிதுக்கி உருவாக்கியிருந்ததால் இழை கழுத்தில் வளைந்து பந்துக்குள் போய் விரிந்திருந்தது. மலிவு ஆணியைப் பெரிய கம்பியில் இருந்து வெறுமனே கடைந்திருக்கிறார்கள். இழை நேராக வந்து கழுத்தில் வெட்டுப்பட்டு நின்றது. மண்வெட்டிப் பிடிக்கு மரம் எடுக்கிறவர் ஒருவரும் அப்படி வெட்டமாட்டார். அதுக்கும் மேல், அந்த இரும்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் நீளநீளமான கோடுகள். மங்கனீசு சல்பைட்டு. கந்தகம் கூடின உருக்கு கடைய லேசு, சுருள் தானாக முறிந்து விழும், கருவி தேயாது. அதனால் ஒரு மணித்தியாலத்தில் கூட ஆணிகள் கடையலாம். ஆனால் அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே இழுத்தால் காகிதத்தில் துளை போட்ட இடத்தில் கிழிகிற மாதிரிக் கிழியும்.

பெரியப்பாவின் ஆணி? ஒரு பக்கம் அருமையாக இறுகியிருந்தது. மறுபக்கம் பாதிதான் இறுகியிருந்தது. செஞ்சூட்டில் எண்ணெயில் தோய்க்கும்போது ஒரு பக்கம் முதலில் பட்டிருக்கும், கரி அடுப்பில் சூடும் ஒரே சீராக இருந்திருக்காது. ஆனால் வைஸில் வளைத்தபோது மலிவு ஆணி பட்டெண்டு முறிந்த இடத்தை அவருடையது தாண்டிப் போய், முனகி, வளைந்து நின்றது. இரண்டு மூன்று ஆணியை வைத்து ஒன்றையும் நிரூபிக்க ஏலாது, அதை என்னுடைய மேற்பார்வையாளர் நாலு தரம் சொன்னார். எண்டாலும் நான் அந்தப் படத்தைப் பெரியப்பாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பாமல் விடேல்லை.

இதுக்குப் பிறகுதான் ராக் கம்பி பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அங்கேதான் உண்மையான சண்டை நடக்குது.

ராக்கின் பல் தேயக் கூடாது, அதனால் மேற்பரப்பு கடினமாக இருக்க வேணும். ரொக்வெல் அளவில் 55ஐத் தாண்டும். உள்ளுக்குள் 20, 25 வாக்கில் மெத்தென்று இருக்க வேணும், அப்பதான் அடியைத் தாங்கும். அதுக்காகக் கம்பியைச் சுற்றிச் செப்புச் சுருள் வைத்து அதி உயர் மின் அதிர்வில் தோலை மட்டும் சில வினாடிகளில் செஞ்சூடாக்கித் தண்ணீர் அடிப்பார்கள். தோல் இறுகும், உள் அப்படியே இருக்கும். கேட்க அழகாக இருக்கு. ஆனால் இறுகின தோல் நொருங்கும் தோல். கார் ஒரு கல்விளிம்பில் ஏறி விழும்போது அந்தத் தோலில் ஒரு வெடிப்பு தொடங்கலாம். தொடங்குகிறதைத் தடுக்க ஏலாது. அந்த வெடிப்பு உள்ளுக்குப் போய் நிற்குமா, இல்லை கம்பியை இரண்டாக்குமா எண்டதுதான் கேள்வி. ராக் உருக்கை உருவாக்குகிறவர்கள் வருசக்கணக்காகத் தலையை உடைக்கிறது வெடிப்பு வராமல் இருக்கச் செய்ய இல்லை, வந்த வெடிப்பை நிற்பாட்டத்தான்.

முந்தி இது இவ்வளவு பெரிய தலையிடி இல்லை. எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற பவர் ஸ்டியரிங்கில் எண்ணெய் நேரடியாக ராக்கைத் தள்ளும், பல்லுக்குப் பெரிய பாரம் இல்லை. 1988இல் சுசுக்கி செர்வோ எண்ட சின்னக் காரில் மின்சார பவர் ஸ்டியரிங் வந்தது. இங்க ஓடுகிற வகன் ஆர், விட்ஸ் எல்லாம் அந்த வழிதான்: மோட்டர் ஸ்டியரிங் தண்டில் இருக்கும், அதின்ர முழுப் பலமும் பினியன் வழியாக ராக்கின் பற்களுக்கு மேலால்தான் போக வேணும். அதே பல், அதே மொத்தம், கூடின பாரம். கம்பியைத் தடிப்பாக்கலாம் எண்டால் பாரம் கூடும், எரிபொருள் செலவு கூடும், கொம்பனிகள் விடாது. மிச்சம் இருக்கிறது உருக்கை மாற்றுறதுதான். ஜப்பானில் உருக்கு ஆலைகளும் ஸ்டியரிங் செய்கிற கொம்பனிகளும் சேர்ந்து பதிந்த காப்புரிமைப் பத்திரங்களை வாசித்தால் இந்தச் சண்டை வரிக்கு வரி தெரியும்.

எனக்குப் பிடித்த பாத்திரம் அதில் போரன். ஒரு தொன் உருக்குக்கு 20, 30 கிராம் போட்டால் காணும். கறிக்கு உப்புக்கூட இல்லை, அண்டாச் சோற்றுக்கு ஒரு சிட்டிகை மாதிரி. அது உருக்கின் மணிகளின் எல்லையில் போய் இருந்துகொண்டு, குளிரும்போது மெத்தென்ற அமைப்பு உண்டாகிறதைத் தாமதிக்கும். அதனால் விலை கூடின குரோமியம், மொலிப்டினத்தைக் குறைத்தாலும் உருக்கு ஆழமாக இறுகும். ஆனால் உருக்கில் எப்பவும் கொஞ்சம் நைதரசன் இருக்கும், அது போரனைக் கண்டால் விடாது, பிடித்துச் சேர்ந்துகொள்ளும். சேர்ந்த போரனால் பிரயோசனம் இல்லை. அதுக்காகப் போரனைப் போட முதல் தைத்தேனியத்தைப் போட்டு நைதரசனை அதோடு சேர்த்துவிடுவார்கள். பொல்லாத விருந்தாளிக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டு அனுப்புகிற மாதிரி. ஆனால் தைத்தேனியமும் கூடிப்போனால் பொன்னிறத்தில் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள் உருக்குக்குள் கிடக்கும், நுணுக்குக்காட்டியில் பார்க்க வடிவு. அந்தச் சதுரத்தின் கூர் மூலையில்தான் வெடிப்பு பிறகு தொடங்கும்.

கந்தகமும் அப்படித்தான். முழுக்க எடுத்துவிட்டால் ராக்கில் பல் வெட்டுகிறவர் கத்துவார், கருவி நிற்காது. விட்டால் நான் பார்த்த அந்தச் சாம்பல் கோடுகள். கொஞ்சம் கல்சியம் போட்டு அந்தக் கோட்டை உருண்டையாக்குவது ஒரு வழி. இறுக்கும்போது கம்பி ஒரு பக்கம் வாழைப்பழம் மாதிரி வளையும், ஏனென்றால் பல் ஒரு பக்கத்தில்தானே இருக்கு. நிமிர்த்த வேணும். நிமிர்த்தும்போதே வெடிக்காத உருக்காகவும் இருக்க வேணும். இதெல்லாம் சரிவந்த பிறகுதான் சின்ன உலையில் வடித்ததைப் பெரிய உலையில் வடித்து, கார்க் கொம்பனி அதைப் பரிசோதித்து ஒப்புக்கொள்கிற கட்டம். அதுக்கும் வருசங்கள் போகும். ஒரு ரை ரொட் என்டின் விலையைக் கேட்டு நாங்கள் வாயைப் பிளக்கிறதில் ஒரு பங்கு இதுக்குள் இருக்கு. மிச்சப் பங்கு டொலரும் வரியும்.

இலங்கையில் இப்படி ஒரு உருக்கு செய்யலாமோ எண்டு நேர்முகத்தேர்வு ஒன்றில் கேட்டார்கள். சமனலவெவ மலைச்சரிவில், பருவக்காற்றையே துருத்தியாக வைத்து ஆயிரம் வருசத்துக்கு முதல் உயர் காபன் உருக்கு எடுத்திருக்கிறார்கள், 1996இல் கில் ஜூலெஃப் அதை "நேச்சர்" சஞ்சிகையில் எழுதினார். அதைச் சொன்னால் எல்லாருக்கும் பெருமை. ஆனால் சோவியத் உதவியோடு 1960களில் ஒறுவலவில் தொடங்கின ஆலை செய்தது கட்டடக் கம்பி. எங்கட நாட்டில் ஓடுகிற வாகனங்களுக்கு ஒரு தனி உருக்கு வடிக்கிற அளவுக்குத் தேவையும் இல்லை. நான் அப்படித்தான் பதில் சொன்னேன். வேலை கிடைக்கேல்லை. பெருமையைச் சொல்லியிருக்கலாம் எண்டு அம்மா சொன்னா.

செய்ய ஏலாட்டியும் பார்க்க ஏலும். எங்கட வீட்டுக் காருக்கு வருசாவருசம் புகைப் பரிசோதனை நடக்குது, இல்லாட்டி வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. ஒருநாளும் ஒருவரும் அந்தக் காரை ஜக்கில் ஏற்றி முன் சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்க்கேல்லை. ஐந்து நிமிச வேலை. சில்லின் இடது வலது பக்கம் பிடித்து முன்பின் அசைத்தால் ரை ரொட் என்டின் ஆட்டம் கையில் தெரியும். கிறீஸ் மூடியிருக்கிற றப்பர் கிழிந்திருந்தால் உள்ளுக்குள் மண் போய் அரைக்குது எண்டு அர்த்தம். பெயரில்லாத பெட்டியில் ஆணி விற்கிற கடைக்கும் ஒரு பரிசோதனை இல்லை. புகை எல்லாருக்கும் தெரியும், உருக்கின் சாம்பல் கோடு ஒருவருக்கும் தெரியாது, அதுதான் காரணமோ தெரியாது.

அந்த வான்காரர் இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பி வந்தார். நல்ல ஆணி ஒன்றைக் கொழும்பில் இருந்து எடுப்பித்திருந்தார், பெற்றோரிடம் அந்த மாதக் காசை முன்கூட்டியே வாங்கி. பூட்டுறதுக்குத்தான் வந்தவர். பெரியப்பா கூலி எடுக்கேல்லை. பழைய ஆணியை வாங்கி லாச்சிக்குள் போட்டார்.

பட்டறை பூட்டின பிறகு போரன் கதையை அவருக்குச் சொன்னேன். ஒரு தொன்னுக்கு 20 கிராம் எண்டதும் நம்பாமல் பார்த்தார். தைத்தேனியம், நைதரசன் எல்லாத்தையும் பொறுமையாகக் கேட்டார்.

"அது பொறியில தெரியுமோ, பிள்ளை?"

"இல்லை பெரியப்பா. தெரியாது."

கொஞ்ச நேரம் கிரைண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "எப்பிடியும் தெரியாதோ?"

"கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப கேட்டு வாறவைக்கு அதையே சொல்லுவம்" எண்டு சொல்லி லைற்றை நூத்தார்.